நிதி ஆலோசகருக்கு வந்த ஐந்து ஸ்டார்களை எப்படிப் படிப்பது? முதன்முறை ஆலோசகர் தேடுபவர்களுக்கு

சுமார் ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு நிதி ஆலோசகருக்கு நான் கூகுளில் ஐந்து ஸ்டார் கொடுத்தேன். அவரிடம் சேர்ந்து அப்போது பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்ட காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போன நேரத்தில், வரவேற்பில் இருந்த பெண் க்யூஆர் கோடு ஒட்டிய சின்ன அட்டையை மேசைமேல் என் பக்கம் நகர்த்தி, "ஒரு ரிவ்யூ போட்டுடுங்களேன்" என்றார். நான் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "ரொம்பப் பொறுமையாக விளக்கினார். நேர்மையான மனிதர். தைரியமாக நம்பலாம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் பொறுமையாகத்தான் பேசினார். நேர்மையானவர் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு வருடம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. 'முதலீடு' என்று அவர் எடுத்துக்கொடுத்தது காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு பாலிசி. ஆரம்ப வருடங்களில் நான் கட்டிய பிரீமியத்தில் கணிசமான தொகை கட்டணங்களுக்கே போயிருந்தது. ஐந்து வருடம் முடியாமல் பணத்தை எடுக்கவும் வழியில்லை. ஆனால் பணத்தைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. என்னோடு வேலை பார்த்த தோழி ஒருவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு அதே ஆளிடம் போய் அதே பாலிசியை எடுத்திருந்தார். "நேர்மையானவர்னு நீங்களே எழுதியிருந்தீங்களே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு பாராட்டுரையைப் பார்த்ததும் "இது பொய்யா, உண்மையா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மட்டும் போதாது. "இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?" என்றும் கேட்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாமே இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றித்தான். இந்தியாவில் ஆலோசகர் தேடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ரிவ்யூவைத் திறக்கும் முன் ஆள் யார் என்று பாருங்கள்

'ஆலோசகர்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து விதமான ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவுசெய்த முதலீட்டு ஆலோசகர். அவருடைய பதிவு எண் 'ஐஎன்ஏ' என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று பரிந்துரை தருபவர் ரிசர்ச் அனலிஸ்ட், அவர் எண் 'ஐஎன்எச்' என்று தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு இருப்பது 'ஏஆர்என்' எண். அவருக்கு வருமானம் ஃபண்ட் நிறுவனம் தரும் கமிஷனிலிருந்து வருகிறது. இவர்களைத் தவிர இன்சூரன்ஸ் ஏஜென்ட், வங்கியில் இருக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று பலர் உண்டு.

விநியோகஸ்தராக இருப்பது தவறே இல்லை. நல்ல விநியோகஸ்தர்களை எனக்குத் தெரியும். ஆனால் விற்பனை செய்பவர் தன்னை 'இண்டிபெண்டண்ட் ஃபைனான்சியல் அட்வைசர்' என்றோ 'வெல்த் அட்வைசர்' என்றோ சொல்லிக்கொள்ளக் கூடாது என்று செபி 2020-லேயே விதி போட்டுவிட்டது. பெயர்ப்பலகையில் அப்படி எழுதியிருந்து, பதிவு எண் 'ஐஎன்ஏ' இல்லை என்றால், கீழே நூறு பேர் புகழ்ந்திருந்தாலும் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

செபியின் இணையதளத்தில் பதிவுபெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. பெயரையும் எண்ணையும் அங்கே போட்டுப் பாருங்கள். எண் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. அதே பெயர், அதே முகவரி, அதே மின்னஞ்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறொருவரின் பதிவு எண்ணைத் தன்னுடையது என்று போட்டுக்கொள்ளும் மோசடி நிறைய நடக்கிறது. நாடு முழுக்கப் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்களே சுமார் ஆயிரம் பேர்தான். உங்கள் டெலிகிராமில் மட்டும் இருபது ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்களில் எத்தனை பேர் பதிவுபெற்றவர்கள் என்று யோசியுங்கள்.

அப்புறம், பதிவு என்பது நேர்மைக்குக் கியாரண்டி அல்ல. இதைச் செபியே சொல்கிறது. தங்கள் பதிவு லாபத்துக்கு உறுதி அல்ல என்ற வாசகத்தை விளம்பரத்தில் போட வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் மாபெரும் முதலீட்டு மோசடி செய்த பெர்னார்டு மேடாஃப் 2006-ல் பதிவுபெற்ற ஆலோசகர் ஆனார். 2008 டிசம்பரில் கைதாகும்வரை அவருடைய வாடிக்கையாளர்கள் அவரைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

படி 2: மூன்று கேள்விகள்

அமெரிக்காவில் 1961-ல் போட்ட ஒரு விதி, முதலீட்டு ஆலோசகர்கள் தங்கள் விளம்பரத்தில் வாடிக்கையாளர் பாராட்டைப் பயன்படுத்தவே கூடாது என்று தடுத்தது. அந்தத் தடை கிட்டத்தட்ட அறுபது வருடம் இருந்தது. காரணம் எளிமையானது. ஆலோசகர் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துப் போடுவார், கெட்டதை விட்டுவிடுவார், படிப்பவர் அதுவே முழுப் படம் என்று நினைத்துவிடுவார். 2020 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்காணையமான எஸ்இசி விதியை மாற்றியது. இப்போது பாராட்டைப் போடலாம், ஆனால் மூன்று விஷயங்களைக் கூடவே சொல்ல வேண்டும். பாராட்டியவர் உண்மையில் வாடிக்கையாளரா? அதற்காக அவருக்குப் பணமோ சலுகையோ கொடுக்கப்பட்டதா? இருவருக்கும் வேறு ஏதாவது தொடர்பு, லாப நோக்கம் உண்டா?

நம் ஊர் ஆலோசகரின் பக்கத்தைப் படிக்கும்போதும் இதே மூன்றைக் கேளுங்கள். 'சலுகை' என்றால் கவரில் வைத்துக் கொடுக்கும் பணம் மட்டும் இல்லை. "ரிவ்யூ போட்டால் அடுத்த மாத சந்தாவில் பாதி தள்ளுபடி", "நண்பரைச் சேர்த்துவிட்டால் ஆயிரம் ரூபாய் வவுச்சர்" எல்லாமே இதில் சேரும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் ஆலோசகரைப் புகழ்கிறார் என்றால், அது கட்டண விளம்பரம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021 முதலே அந்தக் குறிப்பைக் கேட்கிறது. முதலீடு பற்றிப் பேசுபவர்கள் செபி பதிவு எண்ணையும் காட்ட வேண்டும் என்று 2023-ல் சேர்த்தார்கள்.

படி 3: எதைப் புகழ்ந்திருக்கிறார்கள்?

நான் வழக்கமாகப் பார்க்கும் வகைப் பாராட்டு ஒன்றை மாதிரிக்கு எழுதுகிறேன். தேதி 2021 செப்டம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இவரால் என் போர்ட்ஃபோலியோ 18 மாதத்தில் இரண்டு மடங்கானது. எந்த நேரத்தில் போன் செய்தாலும் எடுப்பார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி."

மூன்று வாக்கியங்கள். கடைசி இரண்டும் பழக்கவழக்கத்தைப் பற்றியவை. போனை எடுப்பது நல்ல குணம்தான், அதை ஒரு வாடிக்கையாளர் பன்னிரண்டு நாளில்கூடத் தெரிந்துகொள்ள முடியும். அந்த அளவுக்கு அந்த இரண்டு வாக்கியங்களையும் நம்பலாம். ஆனால் தவறான பாலிசியை விற்பவரும் போனை எடுப்பார். சொல்லப்போனால் முதல் ஆளாக எடுப்பார்.

முதல் வாக்கியம்தான் கவனத்துக்குரியது. 18 மாதத்துக்கு முன்பு என்றால் 2020 மார்ச். கொரோனா பயத்தில் சந்தை விழுந்து, 2020 மார்ச் 23 அன்று 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 7,610-ல் முடிந்தது. 2021 செப்டம்பரில் அது 17,000-ஐத் தாண்டி நின்றது. அந்த அடிமட்டத்தில், குறியீட்டை அப்படியே பின்தொடரும் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுத் தூங்கப் போனவருக்கும் பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். இவருடைய ஆலோசகர் சந்தையைவிடக் குறைவாகக்கூடச் செய்திருக்கலாம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. மழை பெய்ததற்கு அவர் குடைக்காரருக்கு நன்றி சொல்கிறார், அவ்வளவுதான்.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். லாபத்தைப் பற்றிய எந்தப் பாராட்டைப் பார்த்தாலும் அதன் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு வருடங்களில் நிஃப்டி எங்கிருந்து எங்கே போனது என்று கூகுளில் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தேதியே இல்லாத பாராட்டு என்றால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. செபி 2023 ஏப்ரலில் கொண்டுவந்து மே 1 முதல் அமலாக்கிய விளம்பர விதிகளின்படி, முதலீட்டு ஆலோசகரோ ரிசர்ச் அனலிஸ்ட்டோ தன் விளம்பரத்தில் உறுதியான லாபம் தருவதாகச் சொல்லக் கூடாது. 'பெஸ்ட்', 'நம்பர் ஒன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. செபி லோகோவைப் போடக் கூடாது. தன் கடந்தகால லாபக் கணக்கைக் காட்டவும் கூடாது என்று அந்த விதி சொன்னது. சுயாதீன அமைப்பு ஒன்று சரிபார்த்த கணக்கைக் காட்டுவதற்கு 2025-ல்தான் தனி ஏற்பாடு வந்தது. தான் நேராகச் சொல்ல முடியாததை வாடிக்கையாளர் வாயால் சொல்லவைத்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார் என்றால், அவர் விதியை எப்படிப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். "40% கொடுத்தார்" என்ற பாராட்டு எனக்கு எச்சரிக்கை மணிதான்.

நான் தேடுவது வேறு வகைப் பாராட்டு. "எனக்கு இருந்த இரண்டு பாலிசிகளை நிறுத்தச் சொன்னார்", "வீட்டுக்கடனை முதலில் அடைத்துவிட்டு வாங்க என்றார்", "ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்காமல் எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) ஆரம்பிக்க வேண்டாம் என்றார்". இதில் ஆலோசனையே தெரிகிறது. அவருக்கு வருமானம் இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறார் என்பதும் தெரிகிறது. இப்படிப்பட்ட வரிகள் அபூர்வம். ஒன்று கிடைத்தாலும் ஐம்பது ஸ்டாருக்குச் சமம்.

கட்டணம், கமிஷன் பற்றி யாரும் எதுவும் எழுதுவதில்லை என்பதையும் கவனித்துப் பாருங்கள். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. 10 லட்சம் ரூபாய் 20 வருடத்துக்கு ஆண்டுக்கு 12% வளர்ந்தால் சுமார் 96 லட்சம் ஆகும். 11% வளர்ந்தால் சுமார் 81 லட்சம். அந்த ஒரு சதவீதம் செலவாகப் போனால் 15 லட்சத்துக்கு மேல் காணாமல் போகிறது. ஆனால் அதை இழந்தவர் தன் பணம் எட்டு மடங்கானது என்று சந்தோஷமாக ஐந்து ஸ்டார் கொடுப்பார். அவர் சந்தோஷத்திலும் பொய் இல்லை.

படி 4: எழுதாதவர்களை எண்ணுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தைப் பற்றிச் செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

அந்த மீதி 7% என்பது எத்தனை பேர்? சுமார் ஏழு லட்சம். ஏழு லட்சம் பேரில் ஒரு ஐம்பது பேரைத் தேடிப் பிடித்துக் கேமரா முன் உட்காரவைப்பது பெரிய வேலையா? ஐம்பது பேரும் உண்மையான ஆட்கள், உண்மையான லாபம், உண்மையான டீமேட் கணக்கு. நஷ்டப்பட்ட 93 லட்சம் பேரில் எத்தனை பேர் பொதுவெளியில் வந்து எழுதுவார்கள்? வீட்டிலேயே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆலோசகருக்கு எந்தத் திறமையும் இல்லாமலே உண்மையான பாராட்டை உருவாக்க முடியும். 1,600 பேரின் போன் நம்பர் ஒருவரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை 800 பேருக்கு "நாளை இந்தப் பங்கு ஏறும்" என்றும், மற்ற 800 பேருக்கு "இறங்கும்" என்றும் அனுப்புகிறார். எது நடந்தாலும் 800 பேருக்குச் சரியாகச் சொல்லியிருப்பார். தவறு போன 800 பேரை விட்டுவிட்டு, மறுநாள் மீதியை 400, 400 ஆகப் பிரிக்கிறார். அப்புறம் 200, பிறகு 100. ஐந்து நாள் முடிவில் 50 பேர் மிஞ்சுவார்கள். ஐந்துக்கு ஐந்து சரியாகச் சொன்ன மனிதரை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வார்கள். இலவச டிப்ஸ் அனுப்பி "முதலில் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள்" என்று சொல்பவர்களைப் பற்றி நினைக்கும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

2023 அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கியவர்மீது செபி இடைக்கால ஆணை பிறப்பித்தது. வர்த்தகப் பயிற்சி என்ற பெயரில் வாங்கிய 17.2 கோடி ரூபாயை முடக்கச் சொன்ன அந்த ஆணையில், 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகக் கணக்கு சுமார் 2.89 கோடி நஷ்டத்தில் இருந்ததையும் செபி எழுதியிருந்தது. 2025 டிசம்பரில் இன்னொரு பயிற்சி நிறுவனத்தின் 546 கோடி ரூபாயை முடக்கச் சொல்லி ஒரு இடைக்கால ஆணை வந்தது. லாபம் பார்த்த மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள் என்பது அதில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. இரண்டும் இறுதித் தீர்ப்புகள் அல்ல. ஆனாலும் செபியின் தளத்தில் இப்படிப்பட்ட ஆணைகள் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் ஆலோசகரின் பெயரை அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள்.

முதலில் சேர்ந்தவர்களின் சாட்சி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2022-ல் வெடித்த ஆருத்ரா கோல்டு விவகாரத்தில் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சொன்னார்கள். அங்கே பணம் போட்டவர்கள் யார் சொல்லிப் போட்டார்கள்? முன்னமே பணம் கைக்கு வந்திருந்த சித்தப்பா, மச்சான், பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் யாரும் கூலிக்குப் பேசவில்லை. வாங்கிய பணத்தைக் காட்டித்தான் பேசினார்கள்.

படி 5: ரிவ்யூ பக்கத்தைத் துழாவுவது

இப்போது அப்பட்டமான போலிகளுக்கு வருவோம். இதைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கூகுள் ரிவ்யூவில் எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரியும். ஒரே வாரத்தில் இந்தூரில் பல் டாக்டர், ஜெய்ப்பூரில் மார்பிள் கடை, சென்னையில் நிதி ஆலோசகர் என்று மூவருக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். 'நியூயஸ்ட்' என்று வரிசை மாற்றிப் பாருங்கள். ஒன்பது மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்து ஒரே வாரத்தில் முப்பது பாராட்டு வந்திருந்தால், அந்த வாரத்துக்குச் சற்று முன்னால் ஏதாவது மோசமான ஒற்றை ஸ்டார் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அதைக் கீழே தள்ளத்தான் பெரும்பாலும் இந்த வேலை நடக்கும். ஆலோசகரின் சொந்த இணையதளத்தில் இருக்கும் புகைப்படங்களைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். "மதுரை, இல்லத்தரசி" என்ற படம் எங்கோ ஒரு விளம்பரப் படக் களஞ்சியத்தில் கிடைக்கும்.

லாபம் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாகவே எடுக்காதீர்கள். பிரவுசரில் தெரியும் எண்ணை மாற்றிவிட்டுப் படம் எடுக்கக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பயன்படுவது இரண்டு ஸ்டாரும் மூன்று ஸ்டாரும்தான். ஐந்து ஸ்டார் கொடுப்பவர் உற்சாகத்தில் எழுதுகிறார், ஒரு ஸ்டார் கொடுப்பவர் கோபத்தில் எழுதுகிறார். நடுவில் எழுதுபவர் யோசித்து எழுதுகிறார். "நல்லவர்தான், ஆனால் வருடத்துக்கு மூன்று முறை ஃபண்டை மாற்றச் சொல்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது தங்கம். அதற்கு ஆலோசகர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்பதையும் படியுங்கள். சிலர் வாடிக்கையாளரின் முதலீட்டு விவரங்களையே பதிலில் போட்டுத் திட்டியிருப்பார்கள். நாளைக்கு உங்கள் விவரத்தையும் போடுவார்.

படி 6: வாட்ஸ்அப் குழு

கேட்காமலே உங்களைச் சேர்த்த குழு என்றால் யோசனையே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். அங்கே "தேங்க்யூ சார், இன்னைக்கு 42,000 ப்ராஃபிட்" என்று காலையிலிருந்து ராத்திரிவரை போட்டுக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் மோசடிக்காரர்களின் ஆட்கள். நூறு பேர் இருக்கும் குழுவில் உண்மையான ஆள் நீங்களும் இன்னும் நாலைந்து பேருமாகத்தான் இருப்பீர்கள். அவர்கள் அனுப்பும் செயலியில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் 'வரி கட்டுங்கள்' என்பார்கள். பணம் கட்டிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரம் மிக முக்கியம்.

படி 7: ஒரு பழைய வாடிக்கையாளரிடம் பேசுங்கள்

இதுவரை தேறிய ஆலோசகரிடம், "உங்களிடம் ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர் ஒருவரோடு பேசலாமா?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் விவரத்தைச் சட்டென்று தர அவர் தயங்கினால் அது நியாயம்தான். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பவர்மேல் எனக்கு மரியாதை கூடும். கூடவே, அவர் கொடுக்கும் ஆள் அவர் தேர்ந்தெடுத்த ஆள் என்பதையும் மறக்காதீர்கள். அதனால் "எப்படி இருக்கார்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சமீபத்தில் என் தங்கைக்காக ஓர் ஆலோசகரின் வாடிக்கையாளரோடு பேசினேன். பேச்சு இப்படிப் போனது.

"அண்ணா, 2020 மார்ச்ல மார்க்கெட் விழுந்தப்ப உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க, எஸ்ஐபியை நிறுத்தாதீங்கன்னு மட்டும் சொன்னார்ங்க. மெயில் இருக்கு."

"நீங்க கேட்டு அவர் வேண்டாம்னு சொன்னது ஏதாவது இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பையன் காலேஜ் பணத்தை எடுத்து மனை வாங்கலாம்னு நினைச்சேன். ரெண்டு வருஷத்துல ஃபீஸ் கட்டணுமே, அந்த நேரத்துல மனை விக்குமான்னு கேட்டார். விட்டுட்டேன்."

"வருஷத்துக்கு அவருக்கு எவ்வளவு கட்டறீங்க?"

ரூபாய்க் கணக்கில் தயங்காமல் சொன்னார். கடைசிக் கேள்வி, அவருக்கும் ஆலோசகருக்கும் என்ன பழக்கம் என்பது. "என் மனைவியோட ஒண்ணுவிட்ட தம்பிங்க" என்றார்! அதையும் குறித்துக்கொண்டேன். சொந்தக்காரர் என்பதால் மற்ற பதில்கள் வீணாகிவிடவில்லை. மெயிலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன், தேதியோடு இருந்தது. ஆனால் இன்னொரு ஆளிடமும் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

படி 8: பாராட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய புகார் அட்டவணை

இது பலருக்கும் தெரியாது. பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் தங்களுக்கு வந்த புகார்கள் எத்தனை, தீர்த்தது எத்தனை, நிலுவை எத்தனை என்ற கணக்கை மாதாமாதம் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். செபி 2021 டிசம்பரில் போட்ட உத்தரவு இது. பெரும்பாலும் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும். முகப்பில் நாற்பது பேர் புகழ்கிறார்கள், ஆனால் இந்த அட்டவணை எங்குமே இல்லை என்றால், அவரிடமே கேளுங்கள்: "புகார் விவரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். அட்டவணையில் எல்லாமே பூஜ்யம் என்றாலும் தப்பில்லை, சின்ன ஆலோசகர்களுக்கு அப்படித்தான் இருக்கும். கடைசியாக எந்த மாதம் புதுப்பித்தார்கள் என்று பாருங்கள்.

படி 9: பணம் கட்டும்போது

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். தனிநபர் வாடிக்கையாளரிடம் முதலீட்டு ஆலோசகர் வாங்கக்கூடிய நிலையான கட்டணத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. அவர் ஆலோசனை சொல்லும் சொத்தின் மதிப்பில் சதவீதமாக வாங்கினால் ஆண்டுக்கு 2.5% வரை. "லாபத்தில் இருபது சதவீதம் எனக்கு" என்பவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். செபி 2025 அக்டோபரில் கொண்டுவந்த 'செபி செக்' வசதியில் யுபிஐ முகவரியையோ வங்கிக் கணக்கையோ போட்டு, அது பதிவுபெற்றவருடையதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பிரச்சினை வந்தால் முதலில் ஆலோசகருக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் செபியின் 'ஸ்கோர்ஸ்' என்ற புகார் தளம் இருக்கிறது. அங்கே வந்த புகாருக்கு 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி என்றால், கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். எனக்கு ரிவ்யூ அட்டையை நீட்டியபோது, அன்றைக்கு இருந்த குறுகிய காலக்கெடுகூட இன்னும் முடிந்திருக்கவில்லை. யாராவது சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே பாலிசியைத் திருப்பியிருப்பேன்.

படி 10: உங்களிடம் ரிவ்யூ கேட்டால்

கேட்பார்கள். நல்ல ஆலோசகரும் கேட்பார். சேர்ந்து குறைந்தது இரண்டு வருடம் ஆகும்வரை "இன்னும் சொல்லத் தெரியவில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எழுதும்போது எப்போது சேர்ந்தீர்கள், என்ன வேலைக்குச் சேர்ந்தீர்கள், எவ்வளவு கட்டணம் கட்டுகிறீர்கள், அவர் என்ன செய்யச் சொன்னார், எதை வேண்டாம் என்றார், சொந்தமோ சலுகையோ உண்டா என்பதை எழுதுங்கள். 'நேர்மையானவர்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பணத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி வரும்.

பழைய ரிவ்யூவைத் திருத்தவும் கூகுளில் வழி இருக்கிறது. என்னுடையதை நான் அழிக்கவில்லை, திருத்தினேன். இப்போது அது இப்படி இருக்கிறது: "சேர்ந்த பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் கேட்டார்கள் என்பதற்காக ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தேன். அப்போது இவருடைய ஆலோசனை நல்லதா என்று எனக்குத் தெரியாது. முதலீடு என்று சொல்லி எடுத்துக்கொடுத்தது காப்பீடு கலந்த பாலிசி. இவருக்கு வரும் கமிஷன் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பொறுமையாகப் பேசுவார் என்று எழுதியது மட்டும் சரி." தோழிக்கு அந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பினேன். மறுநாள் அவரும் தன்னுடையதைத் திருத்தியிருந்தார்.